தட்டாமல் வந்தவர்

முத்தந்துறையில் கதவுகள் முளைத்த அன்று காற்றும் இல்லை, மழையும் இல்லை, கடல் கூட அசையாமல் கிடந்தது, மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எல்லா நாளையும் போல விடிந்த ஒரு நாள்தான் அது. வியாகுல மைனி தோசைக்கல்லை எடுக்கச் சுவரில் கை நீட்டினாள், கல் அதன் ஆணியில்தான் தொங்கிற்று, ஆனால் ஆணி இருந்தது சுவரில் இல்லை, ஒரு கதவில். "இதென்ன கூத்து, நேத்து இங்கன சுவருதான இருந்துச்சு" என்று கேட்டாள், அதற்குமேல் நிற்காமல் கல்லை அடுப்பில் போட்டு மாவை ஊற்றினாள், ஏனென்றால் ஆம்பளைகள் கரையேறும் நேரம், பசியோடு வருகிறவர்களிடம் கதவைக் காட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

அடுத்த வீட்டிலும் அதே கதை, அதற்கடுத்த வீட்டிலும் அதே கதை. ஒரு வீட்டில் தேக்குக் கதவு, ஒரு வீட்டில் கடைக்குப் போடுகிற இரும்பு ஷட்டர், ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவு, ஊர்க்கமிட்டித் தலைவர் எஸ்தாக்கி வீட்டைக் கேட்கவே வேண்டாம், போனில் வந்த எதையும் தொட்டுப் பார்க்காமல் விடாத மனுசன் அவர், கூடத்தில், அடுக்களையில், கோழிக்கூட்டுக்குப் பின்னால், இருதய ஆண்டவர் படத்துக்கு அடியில் என்று திரும்பின பக்கமெல்லாம் கதவு. எல்லாக் கதவும் உள்பக்கமாகத் திறந்தது, ஒன்றுக்கும் இந்தப் பக்கம் தாழ்ப்பாள் இல்லை. திறந்து பார்த்தால், நியாயப்படி பக்கத்து வீட்டு அடுக்களை தெரிய வேண்டிய இடத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில் நீளமாக ஒரு நடைவழி ஓடிற்று, அதிலிருந்து ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் குளிர் வந்தது.

ஜெனோவா வீட்டில் ஒரே ஒரு கதவுதான் முளைத்தது. கடலைப் பார்த்த சுவரில், பச்சை நிறத்தில், குறுக்கே ஒரு வெள்ளைக் கோட்டோடு. நண்டுக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்தாள், தொட்ட கையை முகர்ந்து பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது அவள் புருசன் கஸ்பாருடைய வள்ளத்தின் பச்சை. அவனே டவுனில் போய் வாங்கி வந்து, மகள் பிறந்த வருசம் அவனே அடித்த பெயிண்ட், அந்த வள்ளத்துக்குப் பேர் கூட மகள் பேர்தான், சின்ன ஆன்சி.

கஸ்பார் கணவாய் மீன் பிடிக்கத் தனியாகப் போய்த் திரும்பாமல் மூன்று வருசம் ஆகிறது. வள்ளமும் கிடைக்கவில்லை, வலையும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. போனில் ஒரே ஒரு குரல் வந்து கிடைத்தது, இஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவன் பேசி அனுப்பியது. "சாப்பிட்டியாளா? கதவ சாத்திராத, விடியமுன்ன வந்துருவேன்."

முத்தந்துறையில் ஒரு முறை உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பாமல், கடலும் அவனைத் திருப்பித் தராமல் இருந்தால், அந்த வீட்டு வாசல் கதவுக்குத் தாழ் போட மாட்டார்கள், இரவானாலும் சரி, புயலானாலும் சரி. நனைந்து நடுங்கி வருகிறவன் தன் வீட்டு வாசலில் காத்து நிற்கக் கூடாது என்பதற்காக. என்றைக்கு அந்த வீட்டுக்காரி கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியிடம் துக்க மணி அடிக்கச் சொல்லிக் கேட்கிறாளோ, அன்றைக்கு ஊரே வந்து உட்கார்ந்திருக்க அவள் தாழைப் போடுவாள், அதுவரை யாரும் அவளை அவசரப்படுத்துவது இல்லை. ஜெனோவா வீட்டுத் தாழ் மூன்று வருசமாக உப்புக் காற்றில் துருப்பிடித்து அசையாமல் நின்றது.

சரி, கதவுகள் வந்தாயிற்று, ஊர் என்ன செய்யும்? சாமி வந்து வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்தார், கதவுகள் நனைந்தன, மரக்கதவுகள் கொஞ்சம் உப்பின, அவ்வளவுதான். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஒருவர் டேப்பைக் கொண்டுவந்து அளந்து பார்த்துவிட்டு, வெளிப்பக்கம் இல்லாத கதவுக்கு வரி போட வழி இல்லை என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆசாரியை வைத்துக் குறுக்கே பலகை அடித்தார்கள், காலையில் பார்த்தால் பலகை சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, வளைந்த ஆணிகளை யாரோ தட்டி நேராக்கிப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். அதற்கப்புறம் ஊர் கதவுகளோடு வாழப் பழகிக்கொண்டது. காலண்டர் மாட்டினார்கள், சேலையைக் கிழித்துத் திரை போட்டார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் "வீட்டுல எத்தன கதவு?" என்று கேட்டுவிட்டுத்தான் நகையைப் பற்றிக் கேட்டார்கள்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சத்தம் போடாத ஆட்கள், சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டவர்கள், செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து அரிசி டின்னைத் திறந்து பார்ப்பார்கள், கொடியில் காய்கிற துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், பிள்ளைகளின் பேரையும் படிக்கிற வகுப்பையும் பிரியமாகக் கேட்பார்கள், எதையும் எடுக்காமல் போய்விடுவார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பி முத்தந்துறைக்குப் பழக்கம் இல்லை, ஆகவே கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார்கள். "நல்ல மனுசங்கதான், செருப்பக் கழட்ட மாட்டேங்காவ, அது ஒண்ணுதான் கொற" என்று வியாகுல மைனி சொன்னாள்.

நல்ல மனுசர்கள் வந்து போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எஸ்தாக்கியின் குரலில் யாரோ அவருடைய வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் அழுது உதவி கேட்டிருந்தார்கள், இங்கே அவர் சம்மணம் போட்டுக் கோழிக்கறி தின்றுகொண்டிருந்தார். ஞானஸ்நானப் படத்தில் சிரித்த குழந்தை ஒன்றின் முகம், அதன் தாய் பார்த்தே இராத இடங்களில் எல்லாம் சிரித்தது. கீழத்தெரு ஷைனி, ஒருத்தன் கதவுக்குள் நின்று இனிக்க இனிக்கப் பேசினான் என்று அந்தக் குளிர்ந்த நடைக்குள் இறங்கிப் போனாள், அவள் அம்மா ஓடிப்போய்ச் சடையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள், ஆனாலும் திரும்பி வந்தது பாதிப் பிள்ளைதான், யார் கூப்பிட்டாலும் முகத்தைத் தூக்குவதில்லை, கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைக்கச் சொல்கிறாள். அன்று முதல் ஊரில் காப்பி கொடுப்பதை நிறுத்தினார்கள். இருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எஸ்தாக்கியின் மருமகள் நிம்மி, டவுனிலிருந்து வாழ வந்தவள், வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், மாமனார் வாயை மூடச் சொல்லி இதுவரை மூடியிருந்தவள், அன்றைக்கு எழுந்து நின்றாள். "இது பேயும் இல்ல, சாபமும் இல்ல. எல்லாரும் போன்ல பாஸ்வேர்டுன்னு ஒண்ணு போட்டிருக்கீங்கல்ல, அது என்ன?"

"அதெப்படிச் சொல்ல முடியும், ரகசியம்லா" என்றார் எஸ்தாக்கி, பெருமையாக.

"நான் சொல்லட்டுமா மாமா? உங்க வள்ளத்துப் பேரு, அதோட நம்பரு."

எஸ்தாக்கி போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் இருந்தவர் குனிந்துகொண்டார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தொண்டையைக் கனைத்தார், ஏனென்றால் மண்டபத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். வேறு எதை வைப்பார்கள்? தன் வள்ளத்துப் பேரை எவனாவது மறப்பானா? எல்லாருமாக மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார்கள், வெளியே கரை முழுக்க வள்ளங்கள் வரிசையாக ஏறிக் கிடந்தன, ஒவ்வொன்றின் மூக்கிலும் பேரும் நம்பரும், சிவப்பில், மஞ்சளில், கடலில் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, ஆள் உயரத்துக்கு. "அட பாவிகளா" என்று சாமிதான் முதலில் சொன்னார், அவருடைய கதவுக்கும் காரணம் கோயில் பேர்தான் என்பதால் அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நிம்மி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருவருக்கும் தெரியாத வார்த்தையாக வைக்கச் சொன்னாள், ஒரு பெட்டிக்கு வைத்த சாவியை இன்னொரு பெட்டிக்கு வைக்காதே என்றாள், அவசரம் அவசரம் என்று கேட்கிறவனுக்கு அவசரமாக எதையும் கொடுக்காதே என்றாள், வேண்டாத ஆப்புகளைத் தூக்கி எறியச் சொன்னாள். சொன்னபடி செய்த வீட்டில் கதவு மெலிந்தது, மறுபக்கத்துக் குளிர் நின்றது, காலையில் எழுந்து பார்த்தால் ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு பழைய சுவர் நின்றது. ஒரு புத்திசாலி புது வார்த்தையை வைத்துவிட்டு, பழக்க தோசத்தில் அதையே வள்ளத்திலும் எழுதி வைத்தார், மறுநாள் அவர் வீட்டில் இரட்டைக் கதவு முளைத்தது. ஊர் அவரை இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

ஜெனோவா மட்டும் மாட்டேன் என்றாள்.

கஸ்பாரின் போன் அவனோடு போய்விட்டது, ஆனால் அந்தப் போனுக்குள் இருந்ததெல்லாம், படங்கள், பேசி அனுப்பிய குரல்கள், ஆன்சி முதல்முதலாக நடந்த வீடியோ, எல்லாம் ஒரே கணக்கில் ஜெனோவாவின் போனிலும் கிடந்தன, அதற்குப் பாஸ்வேர்ட் சின்ன ஆன்சியும் அதன் நம்பரும்தான். கஸ்பார் இருந்த கடைசிக் கொடியேற்றத்தில் எடுத்த படம் இன்னும் ஊர்க் குரூப்பில் கிடக்கிறது, அதில் வள்ளத்தின் மூக்கு பளிச்சென்று தெரிகிறது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நிம்மி படித்துப் படித்துச் சொன்னாள்.

"அவிய எங்கயாச்சும் ஒரு தேசத்துல கரையேறி, பாஷ தெரியாம கெடந்து, என்னைக்காச்சும் எவன்ட்டயாச்சும் ஒரு போன வாங்கி உள்ள வரப் பாத்தாவன்னு வையி" என்றாள் ஜெனோவா. "அவியளுக்கு அந்த ஒரு வார்த்ததான் தெரியும். அதையும் நான் மாத்திட்டா அவிய எங்க போவாவ?"

நிம்மி கிளம்பும்போது சொன்னாள். "மாத்தினா இன்னொண்ணும் செய்யலாம் அக்கா. யாரு தொறக்கப் பாத்தாலும் மொதல்ல உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். நீங்க குடுத்தாத்தான் அவங்க உள்ள வர முடியும். வாசல்ல நின்னு தட்டுற மாதிரின்னு வச்சிக்கோங்களேன்." ஜெனோவா தலையை ஆட்டிவிட்டு நண்டு உடைக்கப் போய்விட்டாள், ஊரும் அவளை விட்டுவிட்டது, தாழ் போடாத வீட்டுக்காரியிடம் யார் என்ன பேசுவது?

கஸ்பார் வந்தது ஒரு மத்தியானம். ஜெனோவா கம்பெனியிலிருந்து திரும்பி வரும்போது வீட்டுக்குள் பேச்சுக்குரல் கேட்டது, எட்டிப் பார்த்தால், பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியில், ஆன்சி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டையோடு, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், கஸ்பார் உட்கார்ந்திருந்தான். எதிரே தரையில் உட்கார்ந்து ஆன்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்து, "சாப்பிட்டியாளா?" என்று கேட்டான். ஜெனோவாவின் கையிலிருந்த பை விழுந்தது, நண்டு ஓட்டு வாசனையோடு அவள் அப்படியே ஓடி அவன் காலடியில் விழுந்தாள், இத்தனை வருசம் அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அங்கே அழுதாள்.

ஊர் வந்து பார்த்தது. ஆம்பளைகள் கைகொடுத்தார்கள், எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள், தூரமாக என்றான். எஸ்தாக்கியின் கல்யாண நாளைச் சொன்னான், வியாகுல மைனியின் பேரனுடைய பிறந்த நாளைச் சொன்னான், கொடியேற்றத்துக்கு யார் யார் எந்த நிறத்தில் சேலை கட்டினார்கள் என்பதைக்கூடச் சொன்னான். சிலர் அவன்தான் என்றார்கள், சிலர் அவனாக இருக்க முடியாது என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள், வந்தவனை வரவில்லை என்று சொல்ல நாம் யார் என்று பெண்கள் பேச்சை முடித்தார்கள். மத்தியானம் வருவான், பொழுது சாய்வதற்குள் பச்சைக் கதவு வழியாகவே போய்விடுவான், போகும்போது "கதவ சாத்திராத, விடியமுன்ன வந்துருவேன்" என்பான். அதைச் சொல்கிறபோது அவன் குரலுக்குப் பின்னால் லேசாக இஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கும். வீட்டில் இஞ்சின் ஏது? ஜெனோவாவுக்கு அது கேட்டது, கேட்காதது போலவே அவனுக்கு மீன் குழம்பு வைத்தாள், ஆசையாக இருந்தது, வேறென்ன? தட்டைப் பார்த்து "அருமை" என்று சொல்லுவான். தட்டு அப்படியே இருக்கும்.

அந்த வாரம் ஒரு நாள் ஆன்சியின் பள்ளிக்கூடப் பை வழக்கத்துக்கு மீறிக் கனத்தது. தூக்கி ஓரமாக வைக்கப்போன ஜெனோவா திறந்து பார்த்தாள். புத்தகம் ஒன்றுகூட இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கவுன், சீப்பு, ஒரு பாட்டில் நிறைய வறுத்த கணவாய்.

"என்னளா இது?"

ஆன்சி சுவரைப் பார்த்தாள். "அப்பாவுக்குக் கணவாய்னா உசிருல்லா. சனிக்கிழம அப்பா இருக்க எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காவ. சும்மா பாத்துட்டு வந்துரலாமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாட்ட சொல்லாதன்னாவ. நீ அழுவன்னாவ. கதவுட்ட நின்னு படம் எடுத்து அனுப்பச் சொன்னாவ, அதையும் சொல்லக் கூடாதுன்னாவ."

ஜெனோவாவுக்குக் கீழத்தெரு ஷைனியின் குனிந்த தலை கண்ணில் நின்றது. மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை, அந்தப் பையிலிருந்த கவுனை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு நேரே நிம்மி வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கம்பெனிக்குப் போகவில்லை. நிம்மி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஜெனோவாவின் மடியில் போன் திறந்து கிடந்தது, ஆன்சி மூலையில் கவுனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சைக் கதவு திறந்தது, கஸ்பார் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சாப்பிட்டியாளா?"

"வெளிய போங்க" என்றாள் ஜெனோவா. "வெளிய போயி, தட்டிட்டு வாங்க."

அவன் சிரித்தான், படத்தில் சிரிக்கிற அதே அளவுக்குச் சிரித்தான். "நம்ம வீட்டுக்கு நான் ஏம்ளா தட்டணும்?"

அதைக் கேட்டதும் அவளுக்குள் மிச்சம் இருந்தது எல்லாம் இற்று விழுந்தது. கல்யாணமான புதிதில், இந்த வீட்டில் அவளும் அவனும் மட்டும் இருந்த காலத்தில், ஒரு விடியற்காலையில் கஸ்பார் கடலிலிருந்து நனைந்துபோய்ச் சத்தமில்லாமல் கதவைத் திறந்து உள்ளே வந்தான், மசங்கல் இருட்டில் எவனோ என்று பயந்து எழுந்து ஓடியவள் தடுக்கி விழுந்தாள், வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இரண்டு பேருமாகப் பேசி ஒரு பேர் வைத்திருந்தார்கள், கோயிலில் சொல்லவில்லை, பெற்றவர்களிடம் சொல்லவில்லை, அதற்கப்புறம் தங்களுக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் தட்டாமல் வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தாலும், பட்டப்பகலாக இருந்தாலும், அவள் எதிரிலேயே நின்றாலும், கல்யாண மோதிரத்தால் நிலையில் இரண்டு தட்டு தட்டுவான், கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு, அவள் "வாங்க" என்று சொன்னால்தான் வருவான். இதை யார் போனில் எழுதுவார்கள்? யார் படம் எடுப்பார்கள்?

"எம் புருசன் தட்டுவாவ" என்றாள் ஜெனோவா.

நாற்காலியில் இருந்தவன் சிரிப்பை மாற்றாமல் அவளைப் பார்த்தான், பிறகு ஆன்சியைப் பார்த்தான். "கதவ சாத்திராதளா, விடியமுன்ன வந்துருவேன்." இஞ்சின் சத்தம் கேட்டது. "கதவ சாத்திராத." அவன் எழுந்து ஆன்சியின் பக்கம் கையை நீட்டினான். "வா மக்கா, நாம போவோம்."

"இப்ப போடுங்க அக்கா" என்றாள் நிம்மி. "யாருக்கும் தெரியாத வார்த்தையா போடுங்க."

"ஒரு ஆளுக்குத் தெரியும்" என்றாள் ஜெனோவா.

"அய்யோ, அப்படி வைக்கக் கூடாதுக்கா."

"அந்த ஒரு ஆளுக்குத் தெரியட்டும்."

ஆன்சி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்மா, அப்பாவ வெளிய தள்ளாத, பாவம்மா." பிள்ளையை இடது கையால் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால், நண்டு ஓடு கிழித்துத் தழும்பேறிய அந்த விரலால், அன்றைக்கப்புறம் ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பிள்ளையின் பேரை ஜெனோவா ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். எதிரே அவள் புருசனின் குரல், அவள் வாழ்க்கையில் கேட்ட குரல்களிலேயே பிரியமான குரல், சாத்திராத சாத்திராத என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது. கடைசி எழுத்தை அழுத்தியபோது அவள் கண்ணை மூடவில்லை. அவன் "விடியமுன்ன" என்றான், அதற்குமேல் குரல் இல்லை, நாற்காலி காலியாக இருந்தது. பச்சை வெளுத்தது, வெள்ளைக் கோடு கொஞ்ச நேரம் சுவரில் நின்று அப்புறம் அதுவும் போயிற்று. வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. ஆன்சி அவள் கையை உதறிவிட்டு வெளியே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஜெனோவா கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் மணி அடிக்கச் சொன்னாள். சாமி தானே கயிற்றைப் பிடித்தார். துக்க மணி கேட்டதும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள், வீடு நிறைய உட்கார்ந்தார்கள். வியாகுல மைனி தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள், துரு இளகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெனோவா எழுந்து போய்த் தாழைப் போட்டாள். மூன்று வருசம் அசையாமல் நின்ற அந்த இரும்பு போட்ட சத்தத்துக்கு ஊரே அழுதது, எஸ்தாக்கி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆன்சி மட்டும் அழவில்லை, அவள் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் ஆன்சி வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போட்டால் சாப்பிட்டாள், எழுப்பினால் எழுந்தாள், பச்சைக் கதவு இருந்த இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். ஜெனோவாவும் ஒன்றும் கேட்கவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள்? நிம்மி சொன்ன இரண்டாவது பூட்டும் போட்டாயிற்று, யாராவது திறக்கப் பார்த்தால் அவள் போன் முதலில் சிணுங்கும். கம்பெனியில் நண்டு உடைக்கும்போதும் போனை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். அது சிணுங்கவில்லை.

ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்து, பழக்கம் இல்லாத பழக்கமாக உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் காலடிச் சத்தம் வந்து நின்றது. கதவு திறக்காததால் வந்த கால் தயங்குவதும் கேட்டது. பிறகு தட்டல் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தட்டு.

மாவுக் கையோடு ஜெனோவா அப்படியே நின்றாள். தன்னை அறியாமல் அவள் வாய், அத்தனை வருசமும் அவனுக்குச் சொன்ன குரலில், "வாங்க" என்றது. சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தாழை நீக்கினாள்.

பள்ளிக்கூடச் சீருடையில், பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, தட்டிய கையை இன்னும் இறக்காமல் ஆன்சி நின்றாள்.

"எனக்கும் தெரியும்மா" என்றாள். "அந்தக் கதவுல வந்தவரு தட்டல. மொத நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமாளா போகப் பாத்த?"

"கொரலு அப்பா கொரலா இருந்துச்சுல்லாம்மா" என்று சொல்லிவிட்டு ஆன்சி அப்போதுதான் அழத் தொடங்கினாள். ஜெனோவா மாவுக் கையாலேயே அவளைச் சேர்த்து அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டாள், இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து கஸ்பாரை அழுது முடித்தார்கள், வெளியே கடல் அதன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டது ஆன்சிதான்.